பண்ணைக்குட்டையில் விரால் தானாகக் குஞ்சு பொரிக்குமா? பொரிக்கும், வேலை அதற்கப்புறம்தான்

மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 30 மீட்டருக்கு 30 மீட்டர் பண்ணைக்குட்டை, மண் கரை, மழைத் தண்ணீரோடு கிணற்றுப் பாசனமும் உண்டு. இரண்டு வருடம் கட்லாவும் ரோகுவும் விட்டுப் பார்த்தார். வருடா வருடம் குஞ்சு வாங்கவே அலைச்சல். "நம்ம ஊர் நாட்டு மீனை விட்டால் குட்டையிலேயே முட்டை போட்டுப் பெருகாதா அண்ணா? விரால் விடலாமா? ஊசி போட்டால்தான் முட்டையிடும் என்கிறார்களே, நிஜமா?" இதுதான் கேள்வி.

நான் கும்பகோணத்துக்குக் கிழக்கே நான்கு குட்டைகளில் பதினோரு வருடமாக விரால் வளர்க்கிறேன். ஏழு வருடமாகக் குஞ்சும் என் குட்டையிலேயே எடுத்துக்கொள்கிறேன். பணத்தை இழந்து கற்றுக்கொண்ட விஷயங்கள் இதில் நிறைய இருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கட்லா, ரோகு கதையை முடித்துவிடலாம். இவை இரண்டும், கூட வரும் மிர்காலும், வடக்கே கங்கைப் பக்கத்து ஆற்றுக் கெண்டை மீன்கள். நம் குளங்களுக்கு மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. ஆற்றில் புதுவெள்ளம் பெருகிக் கரையோரத் தாழ்வில் பரவும்போதுதான் அவை முட்டையிடும். தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் சினை பிடிக்கும், வயிறும் புடைக்கும். ஆனால் முட்டையை வெளியே விடாது. கொஞ்ச நாளில் உடம்பே அந்தச் சினையைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஒரு காலத்தில் ஆற்றில் அரித்து எடுத்த குஞ்சை வைத்தே நாடு முழுக்கக் கெண்டை வளர்த்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் ஆராய்ச்சியாளர்கள் ஹிராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் வேறு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு, இந்தக் கெண்டைகளைப் பண்ணையில் முட்டையிட வைத்தார்கள். ஜூலை 10-ஐ நாம் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். ஆக, உங்கள் குட்டையில் ரோகு பெருகவில்லை என்றால் குறை உங்களுடையதில்லை.

அதே சமயம், நாட்டு மீன் என்றாலே குட்டையில் பெருகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். காவிரியின் சொந்தக் கெண்டைகளிலேயே ஓடுகிற தண்ணீரைத் தேடிப் போய் முட்டையிடுகிறவை இருக்கின்றன. அவற்றை வாங்கிக் குட்டையில் விட்டால் வளரும், பெருகாது. தேங்கிய தண்ணீரில் தானாகப் பெருகுகிறவை என்றால் விரால், குரவை, பனையேறிக்கெண்டை, வெள்ளிக்காசு மாதிரி இருக்கும் சின்னக் கெண்டைப்பொடி, தரையோடு ஒட்டிக் கிடக்கும் உளுவை. இவற்றில் நல்ல விலையும், தேடி வாங்குகிற ஆளும் இருப்பது விராலுக்கு. உயிரோடு கொண்டுபோனால் எடை போடும் முன்னாலேயே விற்றுவிடும். தெலங்கானாவில் இதைத்தான் மாநில மீன் என்று வைத்திருக்கிறார்கள்.

சரி, விராலுக்கு வருவோம். இதை முட்டையிட வைப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. பக்குவமான ஜோடி, கரையோரம் கொஞ்சம் செடி, மழை, தொந்தரவில்லாத நான்கு நாள் இருந்தால் போதும். முட்டை பொரிந்த நாளிலிருந்து குஞ்சு நாலு அங்குலம் ஆகும்வரை உள்ள இரண்டு, இரண்டரை மாதம்தான் முழு வேலையும். எல்லாரும் ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த இரண்டரை மாதத்தைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். விராலில் கை சுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சுட்டுக்கொண்டவர்கள்தான், நானும் சேர்த்து.

என் முதல் வருடக் கதையைச் சொல்கிறேன். ஒரு பொரிப்பகத்தில் மூவாயிரம் குஞ்சு வாங்கி வந்து சிமெண்ட் தொட்டியில் விட்டேன். நான்கைந்து நாள் நன்றாகத் தின்றன. எனக்கு நடவு வேலை வந்துவிட்டது. தீவனம் போடும் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் பதினாறு நாள் தொட்டியை எட்டிப் பார்க்கவில்லை. செத்த குஞ்சு ஒன்றுகூட மிதக்கவில்லை என்று அவன் சொன்னபோது எனக்குச் சந்தோஷம். வடித்துப் பார்த்தால் நானூறு சொச்சம்தான் இருந்தது. ஒவ்வொன்றும் வயிறு உருண்டு கொழுகொழுவென்று இருந்தது. மற்றவை எங்கே என்று கேட்கத் தேவையே இல்லை. கூடப் பிறந்ததில் கொஞ்சம் வேகமாக வளர்ந்த குஞ்சு, தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் தம்பியைக்கூட முழுசாக விழுங்கிவிடும். செத்து மிதப்பதற்கு மிச்சம் வைக்காது.

இந்த மீனைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் மனதில் இருந்தால் போதும். ஒன்று, இது கண்ணில் அசைவதை விழுங்குகிற மீன். இன்னொன்று, இது காற்றைக் குடிக்கிற மீன். தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றறை மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது. பெரும்பாலான மீன்கள் தண்ணீரில் கரைந்த உயிர்வளியை வைத்தே சமாளிக்கும். விரால் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கியே தீர வேண்டும். தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனாலும் மணிக்கணக்கில் உயிரோடு இருப்பது இதனால்தான். கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடப்பதும் இதனால்தான். டப்பாவில் கொண்டுபோகும்போது முக்கால்வாசி காற்று, கால்வாசி தண்ணீர் என்று விடுங்கள். கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடி போட்டுவிடாதீர்கள்.

காற்றைக் குடிக்கிற மீன் கரை ஏறவும் தயங்காது. ஐப்பசியில் ராத்திரி பலத்த மழை பிடித்தால், புதுத் தண்ணீர் வாசம் கண்டு கரையில் நெளிந்து நெளிந்து ஏறும். என் இரண்டாவது வருடம் ஒரு விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கரையில் இருந்து வாய்க்கால் வரைக்கும் புல்லில் கோடு கோடாக வழுவழுப்பு, வாய்க்கால் ஓரத்தில் இரண்டு மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. மிச்சம் அடுத்தவர் வயலில். அதனால் விரால் விடுவதற்கு முன்னால் கரையைச் சுற்றி மூன்றடி உயரத்துக்கு நைலான் வலை கட்டுங்கள். வலையின் அடிப்பாகம் அரையடி மண்ணுக்குள் போக வேண்டும். தண்ணீர்ப் பாம்பும் உள்ளே வராது. மேலே நீர்க்காகத்துக்கும் மீன்கொத்திக்கும் ஒரு பறவை வலை. அகலமான கண் உள்ள வலையாக இருக்கட்டும், தண்ணீரில் படாமல் இழுத்துக் கட்டுங்கள். மீன் மேலே வந்து காற்று வாங்க வழி அடைபடக் கூடாது.

உங்கள் குட்டை ஏறக்குறைய 22 சென்ட் வருகிறது. மண் குட்டை என்பது உங்கள் அதிர்ஷ்டம். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் விரால் வளரும், ஆனால் கூடு கட்டச் செடியும் இல்லை, கரையோர ஆழமில்லாத இடமும் இல்லை. முதலில் தண்ணீரை இறக்கி, அடியில் பழைய ஜிலேபி மீன், கெளுத்தி எதுவும் இல்லாமல் காய விடுங்கள். சென்டுக்கு ஒரு கிலோ கணக்கில் 22 கிலோ சுண்ணாம்பு தூவுங்கள். நாலைந்து நாள் கழித்துத் தண்ணீர் விடுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் நேரே குட்டைக்குள் தள்ளாமல், ஒரு கல்லில் விழுந்து சிதறும்படி விட்டால் நல்லது. நெல் வயலில் பூச்சி மருந்து அடித்த தண்ணீர் குட்டைக்குள் இறங்காமல் வரப்பைக் கட்டிவிடுங்கள். குஞ்சுக் குட்டையைக் காலி பண்ண அது ஒரு நாள் இறங்கினாலே போதும்.

குட்டையின் ஒரு மூலையில், இரண்டரை அடி ஆழம் இருக்கும் இடத்தில், பத்தடிக்குப் பத்தடி சின்னக் கண் வலையால் அறை மாதிரி தடுத்துக்கொள்ளுங்கள். கொசுவலை மாதிரித் துணியில் தைத்த பெட்டியை ஹாப்பா என்பார்கள், அதுவும் உதவும். எனக்கு மண்ணைத் தொடுகிற தடுப்புதான் பிடிக்கும், தாய் மீன் பதறாமல் இருக்கிறது. உள்ளே வள்ளைக்கீரைக் கொடியும் கொஞ்சம் வேலம்பாசியும் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு பரப்பு மூடினால் போதும். ஆகாயத்தாமரை சுலபமாகக் கிடைக்கிறதே என்று போட வேண்டாம். ஒரு வருடத்தில் உங்கள் குட்டையோடு ஊர் ஏரியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

தாய் மீன் தேர்வில் அவசரப்படாதீர்கள். ஒரு வயது தாண்டியது, அரை கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள், செதில் உதிராதது, வாயில் தூண்டில் காயம் இல்லாதது. தூண்டிலில் பிடித்த மீன் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் தொண்டையில் காயம் இருக்கும், பத்தாவது நாள் பூஞ்சை பிடிக்கும். ஆண், பெண் பார்ப்பது மழைக்காலத்தில்தான் முடியும். பெண்ணுக்கு வயிறு இரு பக்கமும் புடைத்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். பின்துளை வட்டமாகச் சிவந்திருக்கும். ஆண் ஒல்லி, அடிவயிறு கறுத்திருக்கும், துளை சிறுத்து வெளிறியிருக்கும். மற்ற மாதங்களில் யார் பார்த்துச் சொன்னாலும் அது யூகம்தான். ஒரு தடுப்பில் ஒரு ஜோடி மட்டும் விடுங்கள். இரண்டு ஆண் இருந்தால் ஒன்றை ஒன்று கடித்துக் குதறும்.

தூண்டுதல் எது என்று கேட்டால், தண்ணீர் மாற்றம்தான். ஆடி, ஆவணியில் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நல்ல மழை ஒன்று விழுந்ததும் புதுத் தண்ணீரை விட்டு ஓரடி ஏற்றுங்கள். வறண்ட குளத்தில் புதுமழை இறங்கினால் எப்படி இருக்குமோ அதைத்தான் மீனுக்குக் காட்டுகிறோம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். கொடிகளுக்கு நடுவில் தாம்பாளம் அகலத்துக்கு ஓர் இடம் சுத்தமாகத் தெரியும். ஆணும் பெண்ணும் பாசியைக் கடித்து விலக்கி ஒதுக்கிய இடம் அது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ விடிகாலையில் போனால் அந்த வட்டத்தில் முட்டை மிதக்கும்.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது முட்டை என்றே தோன்றாது. கேழ்வரகு அளவு, தேன் நிறம், ஒவ்வொன்றிலும் சின்ன எண்ணெய்த் துளி மாதிரி மினுமினுப்பு. ஒன்றோடொன்று நெருங்கி, தண்ணீர் மேல் ஒரு மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். குனிந்து நிழல் விழுந்தால் கீழே ஒரு கறுப்பு உருவம் லேசாக நகரும். அதுதான் அப்பன். முட்டைப் படலத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, தவளையோ சின்ன மீனோ பக்கத்தில் வந்தால் பாய்ந்து விரட்டும். நான் ஒருமுறை செத்து வெளுத்த முட்டைகளை எடுக்கக் கையை விட்டேன். விரலை வெடுக்கென்று கடித்துவிட்டுப் போனது. அது முதல் நீளக் காம்பு வைத்த டீ வடிகட்டிதான். வெள்ளையாகிப் போன முட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலிருந்து பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். மற்றபடி தொடாதீர்கள்.

தண்ணீர் 28, 30 டிகிரி சூட்டில் இருந்தால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு கறுப்புப் புள்ளி மாதிரி இருக்கும், கரு உணவு வயிற்றில் தொங்குவதால் நேரே நீந்த வராது. இரண்டு மூன்று நாள் அந்த உணவிலேயே ஓடும். அப்புறம் நிமிர்ந்து நீந்தத் தொடங்கும், கூட்டமாகச் சேரும். பத்துப் பதினைந்து நாளில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ஒரு பிடி மிளகாய்த் தூளைத் தண்ணீரில் தூவி, அது கலையாமல் பந்து மாதிரி நகர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. காற்று வாங்க எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வரும். மேகமே இல்லாத மதியத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் தூறல் விழுவது மாதிரி தண்ணீர் பொரியும். ஏழு வருடமாகப் பார்க்கிறேன், இன்னமும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

இங்கே ஒரு விஷயம் மனசு வலித்தே சொல்கிறேன். ஏரி, வாய்க்காலில் இந்தச் சிவப்புக் கூட்டத்தைக் கண்டதும், அதைக் காக்கும் தாயைத் தூண்டிலில் பிடிக்கிற பழக்கம் இருக்கிறது. அந்த நேரம் எதைக் காட்டினாலும் அது பாய்ந்து கடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பசிக்குக் கடிப்பதில்லை, விரட்டத்தான் கடிக்கிறது. தாய் போனால் அந்தக் கூட்டத்தில் நூறு பிழைப்பதே பெரிது. நாட்டு விரால் குறைந்துவிட்டது என்று புலம்புகிற நாம் அந்த ஒரு மாதம் தூண்டிலை மடக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தாய் மீனோ குஞ்சோ அப்படிப் பிடித்து வந்ததை நான் வாங்குவதில்லை.

குஞ்சைத் தாயிடமிருந்து எப்போது பிரிப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. முட்டையையே அள்ளித் தொட்டியில் பொரிக்க வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தொட்டி, காற்றுக் குழாய், ஆள் எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு என் யோசனை, பதினைந்திலிருந்து இருபது நாள் வரை தாய் தகப்பனிடமே விட்டுவிடுங்கள். தும்பிப் புழு, நீர்த்தேள், தவளை எல்லாவற்றையும் அவை விரட்டுவது மாதிரி நாம் எந்த வலை போட்டும் விரட்ட முடியாது. அதற்கு மேல் விட்டால் கூட்டம் சிதறும், பிடிப்பது கஷ்டம். அந்த நாளில் காலையில், கூட்டம் மேலே வரும்போது அகலமான துணி வலையைக் கீழே கொடுத்து ஒரே தூக்காக எடுத்துவிடுங்கள். துரத்தித் துரத்திப் பிடித்தால் பாதி பயந்தே சாகும்.

கெண்டைக் குஞ்சுக் குட்டையில் பூச்சிகளைக் கொல்ல சோப்பும் எண்ணெயும் கரைத்து ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணெய்ப் படலம், மேலே வந்து மூச்சு விடுகிற பூச்சியைக் கொல்லும். விரால் குஞ்சும் மேலே வந்து மூச்சு விடுகிறதுதான். அந்தக் கரைசலை விரால் இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

குஞ்சுக்கு முதல் தீனி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிருள்ள பூச்சிகள். இதற்கு முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சின்னப் பள்ளம், தார்ப்பாய் விரித்தது போதும். பத்து கிலோ பச்சைச் சாணியும், ஊற வைத்த கடலைப் பிண்ணாக்கு அரை கிலோவும் கரைத்து ஊற்றி, பழைய குளத்திலிருந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீர் சேருங்கள். ஆறேழு நாளில் தண்ணீருக்குள் தவிட்டுத் துகள் மாதிரி துள்ளுகிற நீர்ப்பூச்சிகள் தெரியும். கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். காலை, மாலை மெல்லிய துணியில் வடித்து குஞ்சுக்குக் கொடுங்கள். அவித்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடலாம் என்பார்கள். அவசரத்துக்கு ஒரு நாள் செய்யலாம். தினமும் செய்தால் தண்ணீர் நாறிவிடும்.

ஒன்றரை அங்குலம் ஆனதும் தீவனத்துக்குப் பழக்க வேண்டும். இதுதான் மொத்த வேலையிலும் பொறுமை கேட்கிற இடம். பொடி மீனை முள்ளோடு அரைத்து, முதல் நாள் அதை மட்டும் கொடுங்கள். மறுநாளிலிருந்து மிதவைத் தீவனத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். தினமும் பத்தில் ஒரு பங்கு மீனைக் குறைத்து, தூளைக் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் வெறும் தீவனத்துக்கு வந்துவிடும். அதே இடம், அதே நேரம், அதே தட்டு. நான் தட்டை மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் வைப்பேன், நாலாம் நாள் சத்தம் கேட்டே கூடிவிடும். விரால் தீவனத்தில் புரதம் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கெண்டைத் தீவனம் மலிவாக இருக்கிறதே என்று போட்டால், பசி தீராமல் ஒன்றை ஒன்று தின்று சரிக்கட்டும். எப்படிப் பழக்கினாலும் நூற்றுக்குச் சில குஞ்சு தீவனத்தைத் தொடாது. அவை தலை பெருத்து உடம்பு சூம்பி ஒதுங்கி நிற்கும். அவற்றைத் தனியே எடுத்து, கெண்டைப்பொடி இருக்கும் பள்ளத்தில் விட்டுவிடுங்கள்.

பழக்குகிற அதே நாட்களில் வாரம் ஒருமுறை பிரித்தாக வேண்டும். நான் துளை அளவு வேறுவேறாக உள்ள மூன்று பிளாஸ்டிக் கூடைகளைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிரிக்கிறேன். சின்னது துளை வழியே போய்விடும், பெரியது தங்கும். பெரியது, நடுத்தரம், சின்னது என மூன்று ஹாப்பா. சின்னதைக் கழிக்க வேண்டாம், பெரிய அண்ணன்கள் இல்லாத இடத்தில் விட்டால் அவையும் வேகம் எடுக்கும். இந்த வேலையை விடிகாலையில் செய்யுங்கள், தீவனம் போடும் முன்னால். முதல் வருடம் அந்தப் பதினாறு நாளில் நான் விலை கொடுத்தது இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதற்குத்தான்.

நாலு அங்குலம் ஆனதும் பெரிய குட்டைக்கு மாற்றலாம். சென்டுக்கு 40, 50 என்று வைத்தால் உங்கள் 22 சென்டுக்கு ஆயிரம் சுற்றி. இதைவிடப் பல மடங்கு நெருக்கி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தினமும் தண்ணீர் மாற்றுகிறார்கள். கிணற்றுப் பாசனத்தில் அது உங்களுக்குக் கட்டுபடியாகாது. தீவனம் சரியாகக் கிடைத்தால் எட்டிலிருந்து பத்து மாதத்தில் முக்கால் கிலோ, சிலது ஒரு கிலோவும் வரும்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். ஊசி போட்டால் விரால் முட்டையிடும் என்பது உண்மை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் ஹனீபா குழுவினர் விராலில் இதை வருடக்கணக்கில் செய்து காட்டியிருக்கிறார்கள். இன்று பொரிப்பகங்கள் ஓவாப்ரிம் மாதிரி செயற்கை ஹார்மோன் மருந்தை எடைக்கு ஏற்றபடி முதுகுச் சதையில் போடுகிறார்கள். ஒரு நாள் சுமாருக்குள் முட்டை வரும். அவர்களுக்கு அதில் ஒரு லாபம் உண்டு, ஐம்பது ஜோடியையும் ஒரே தேதியில் முட்டையிட வைக்கலாம், குஞ்சு எல்லாம் ஒரே வயதாக இருக்கும். இரண்டு ஜோடி வைத்திருக்கும் உங்களுக்கு அது தேவைப்படாது. சினை பழுக்காத மீனுக்கு எவ்வளவு மருந்து ஏற்றினாலும் முட்டை வராது, மீன்தான் போகும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன் வளர்ப்புப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். குட்டைக்கு மானியம் வேண்டுமென்றால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் என்று வைத்திருந்தார்கள். இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் செலவில் இறங்குங்கள்.

நோயில் ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், புண் நோய். மழை முடிந்து மார்கழி, தை குளிரில் வரும். உடம்பில் முதலில் சிவப்புப் பொட்டு, பிறகு தோல் அழுகிக் குழி. பூஞ்சை மாதிரி இருக்கும் ஒரு நுண்ணுயிர்தான் காரணம். மற்ற மீனை விட விராலைத்தான் முதலில் தாக்கும். வந்த பிறகு போராடுவதை விட, ஐப்பசி மழை ஓய்ந்ததும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்து, குளிர் மாதங்களில் மீனை வலை போட்டு அலைக்கழிக்காமல் இருப்பது நல்லது. வெளியிலிருந்து வரும் மழைத் தண்ணீரை அந்த நேரத்தில் தடுத்துவிடுங்கள், நோய் பெரும்பாலும் அதோடுதான் வருகிறது.

குஞ்சு விலைக்கு வாங்க நேர்ந்தால் இரண்டு எச்சரிக்கை. "கெளுத்திக் குஞ்சு, நாலே மாதத்தில் ஒரு கிலோ" என்று யாராவது வந்தால் அது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. நாட்டில் தடை செய்த மீன். உங்கள் குட்டை உடைந்து ஏரியில் கலந்தால் அங்கே இருக்கும் நாட்டு மீன் அனைத்தையும் தின்று தீர்க்கும். இன்னொன்று, "வியட்நாம் விரால்" என்ற பெயரில் வரும் குஞ்சு. தீவனம் நன்றாக எடுக்கும், வளர்ந்து விற்க ஏற்றதுதான். ஆனால் தாய் மீனாக வைத்துக் குஞ்சு எடுக்க உங்கள் வட்டாரத்து விராலைத்தான் வையுங்கள். கரை உடையும் நாள் எல்லா விவசாயிக்கும் ஒருமுறை வரும். அன்று வெளியே போவது நம் ஊர் மீனாக இருக்கட்டும். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி இன்று எந்தக் குளத்தில் இல்லை?

அயிரை வளர்க்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மதுரைப் பக்கம் அதற்கு இருக்கும் கிராக்கி உங்களுக்குத் தெரிந்ததுதான். உயிரோடு வாங்கிப்போய்ப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துக் குழம்பு வைப்பார்கள், செத்த அயிரைக்கு மதிப்பே கிடையாது. அயிரைக்கு மணலும் வண்டலும் கலந்த தரை வேண்டும், ஆழம் வேண்டாம். விரால் குட்டையில் விட்டால் அது விராலுக்குத் தீனி. பக்கத்தில் தனியாக ஓரடி ஆழத்தில் மணல் பரப்பிய பள்ளம் ஒன்று வெட்டி, நூறு இருநூறு விட்டுப் பாருங்கள். நான் அதில் இன்னும் கற்றுக்குட்டிதான், விரால் அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இந்த வருடத்துக்கு உங்களுக்கு இரண்டு ஜோடி போதும், இரண்டு தடுப்பு. இரண்டும் முட்டையிட்டால் உங்கள் குட்டைக்குத் தேவையான ஆயிரம் குஞ்சு எடுத்து மிச்சமும் இருக்கும். புரட்டாசி முடிவதற்குள் வேலியும் தடுப்பும் தயாராகட்டும், சாணிப் பள்ளத்தை முதல் மழைக்கு முன்னால் ஊற வையுங்கள். முட்டை மிதப்பதைப் பார்த்த காலையிலிருந்து மூன்று நாள் மோட்டாரைப் போடாதீர்கள், மதகைத் திறக்காதீர்கள், நாயையும் குழந்தைகளையும் அந்தக் கரைப் பக்கம் விடாதீர்கள். தண்ணீர் கொஞ்சம் ஓடினாலும் அந்தப் படலம் கலைந்து கரையில் ஒதுங்கிக் காய்ந்துவிடும். கொடியின் நிழல் போதாமல் வெயில் நேரே விழுந்தால் ஒரு தென்னங்கீற்றை மேலே சாய்த்து வையுங்கள், தண்ணீரில் படாமல்.